பறக்கும் பறவையும் இயற்கை ஒளியும்: போட்டித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

பறவைப் புகைப்படம் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் தனித் தலைப்பு கிடையாது. ஆனால் வானில் பறக்கும் ஒரு நாரையை நல்ல வெயிலில் தெளிவாகப் படம் பிடிப்பதற்குள் ஒளியியல், வட்ட இயக்கம், பருவக்காற்று, இறகின் அமைப்பு, வனவுயிர்ச் சட்டம், அறிவியல் வரலாறு எல்லாம் வந்துவிடுகின்றன. வனத்துறைத் தேர்வுக்கும் குரூப் தேர்வுகளுக்கும் படிப்பவர்கள் இவற்றை ஏழெட்டு நூல்களில் துண்டு துண்டாகப் படிக்கிறார்கள். ஒரே காட்சியோடு சேர்த்துப் படித்தால் நினைவில் நிற்கும் என்பதால் இந்தக் குறிப்புகள். அந்தக் காட்சியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்?

சூரிய ஒளி

• சூரியனிலிருந்து ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடி ஆகும். தொலைவு சுமார் 15 கோடி கி.மீ. இந்த இரண்டு எண்களையும் எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். இதிலிருந்து கிளைக்கும் பயன்பாட்டுக் கேள்வியில்தான் தடுமாறுவார்கள். ஒரு புள்ளி மூலத்தின் ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஃப்ளாஷ் விளக்கு 10 மீட்டரில் தரும் ஒளியில் 20 மீட்டரில் கால் பங்குதான் கிடைக்கும். 40 மீட்டரில் 16இல் ஒரு பங்கு. சூரியனுக்கும் இதே விதிதான். ஆனால் பறவை 10 மீட்டரில் இருந்தாலும் 100 மீட்டரில் இருந்தாலும், 15 கோடி கி.மீ.யில் அது கணக்கில் வராத மாற்றம். ஆகவே வெயிலில் பறக்கும் பறவை அருகில் வந்தாலும் தள்ளிப் போனாலும் அதன்மேல் விழும் ஒளி ஒன்றே. இந்தத் துறையில் இயற்கை ஒளிக்கு உள்ள முதல் மதிப்பு இதுதான்.

• பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஒத்திசையும் உச்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 விநாடி. சிறகடிப்பை நிறுத்திக் காட்ட இது போதாது.

• விடியலும் அந்தியும் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ராலே சிதறல். சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்மடிக்கு எதிர்விகிதம். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறத்தாழ 6 மடங்கு சிதறும். தாழ்ந்த சூரியனின் கதிர் நீண்ட தூரம் காற்றுக்குள் வருவதால் நீலம் வழியிலேயே கழிந்துவிடுகிறது.

• நிற வெப்பநிலை: உதய, அத்தமன ஒளி சுமார் 2000 முதல் 3000 கெல்வின், நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின், திறந்தவெளி நிழல் 7000 கெல்வினுக்கு மேல். எண் கூடக் கூட நிறம் நீலமாகும். "சூடான நிறம்" என்று பேச்சில் சொல்லும் மஞ்சளும் சிவப்பும் குறைந்த கெல்வினில் வருபவை. தேர்வில் இந்த இடத்தில்தான் தலைகீழாக எழுதுவார்கள்.

• சூரியன் 30 பாகைக்குக் கீழே இருக்கும் நேரம்தான் பறக்கும் பறவைக்கு ஏற்றது. அதற்கு மேல் ஏறினால் முதுகில் வெயிலும் வயிற்றில் நிழலுமாகிவிடும்; நாம் கீழிருந்து பார்ப்பதோ வயிற்றைத்தான். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே சம இரவு நாளில் உதயத்திலிருந்து சுமார் 2 மணி நேரத்தில் சூரியன் 30 பாகையைத் தொட்டுவிடும். டிசம்பர் 21ஐ ஒட்டி அதற்கு 2 மணி 20 நிமிடம் ஆகும். லண்டனில் அதே டிசம்பர் நாளில் உச்சிப் பொழுதிலும் சூரியன் 15 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே ஐரோப்பியப் புத்தகங்கள் குளிர்காலத்தில் நாள் முழுக்க நல்ல ஒளி கிடைக்கும் என்று சொன்னால், அது அந்த ஊருக்கு உண்மை. நமக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் வாய்ப்பு.

• சென்னையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட எல்லா ஊருக்கும் இந்த இருமுறை உண்டு. கடக ரேகையின் மேலேயே இருக்கும் ஊருக்கு ஒருமுறைதான்.

• தண்ணீர், உப்பளம், வெண்மணல் ஆகியவை கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பிச் சிறகின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் தரும். கோடியக்கரை உப்பளத்தின் மேல் பறக்கும் ஆலாவின் வயிறு வெண்மையாகத் தெரிவதும், அடர்ந்த காட்டின் மேல் பறக்கும் பருந்தின் வயிறு கருமையாகத் தெரிவதும் இதனால்தான்.

காற்றின் திசை

இந்தப் பகுதியைப் புவியியல் குறிப்பேட்டிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

• பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே முகம் வைக்கும். எதிர்காற்றில் சிறகின் மேல் காற்று ஓடும் வேகம் கூடுவதால், தரையைப் பொறுத்த வேகம் குறைவாக இருந்தாலும் ஏற்றுவிசை கிடைக்கும். விமானம் ஓடுபாதையில் எதிர்காற்றில் கிளம்புவதும் இதே காரணத்தால்தான்.

• ஆகவே சூரியனும் காற்றும் இரண்டுமே நம் முதுகுப் பக்கம் இருந்தால், பறவை நம்மை நோக்கி முகம் காட்டி வரும். அந்த முகத்தில் வெயிலும் விழும். காற்று நம் முகத்தில் அடித்தால் பறவை நமக்கு வாலைத்தான் காட்டும். வெயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

• தமிழ் மரபில் திசைக்கொரு காற்று: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. பொதுத்தமிழ்ப் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் நான்கு பெயர்கள் இவை. இவற்றைச் சூரியனோடு பொருத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், மழை ஓய்ந்த டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை, வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட திசையிலிருந்து காற்று வரும். அப்போது காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். மேற்கைப் பார்த்து நின்றால் இரண்டும் நம் முதுகுப் பக்கம். தமிழகக் கிழக்குக் கரையின் ஏரிகளில் தை மாதக் காலை பறவைப் படங்களுக்குப் பெயர் பெற்றதற்கு வலசைப் பறவைகள் வந்திருப்பது மட்டும் காரணமல்ல. வெயிலும் காற்றும் ஒரே பக்கத்தில் கூடும் பொழுது அது.

• அதே இடத்தில் மாலையில் நிலைமை மாறிவிடும். சூரியன் மேற்கில், கடற்காற்றோ கிழக்கிலிருந்து. பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசுவது கடற்காற்று, இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவது நிலக்காற்று. நிலம் நீரைவிட விரைவில் சூடாகி விரைவில் குளிர்வதே காரணம். கிழக்குக் கரையில் மாலை வெயிலை முதுகில் வாங்கி நின்றால், இறங்கும் பறவைகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கித் திரும்பியிருக்கும். கேரளக் கரையில் இது தலைகீழ்: அங்கே மாலைச் சூரியனும் கடற்காற்றும் ஒன்றாக மேற்கிலிருந்து வருகின்றன.

• தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் மேற்குக் காற்று பலமாக நுழையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கத்துக் குளங்களில், மேகம் விலகும் நாளின் மாலை சிறந்த பொழுது. மழை மறைவுப் பகுதி என்பதால் அப்படிப்பட்ட நாள்கள் அங்கே கிடைக்கும்.

ஒளி அளவு

• மூன்று கட்டுப்பாடுகள்: அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. ஒளி இருமடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 500 மி.மீ. லென்ஸில் எஃப்/4 என்றால் துளை 125 மி.மீ.

• "சன்னி 16" விதி: தெளிந்த வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் 1/ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப்/16க்கு 1/400, எஃப்/11க்கு 1/800, எஃப்/8க்கு 1/1600, எஃப்/5.6க்கு 1/3200. வானத்தை முகில் மூடினால் இதில் இரண்டு ஸ்டாப் போய்விடும். 1/3200 என்பது 1/800 ஆகிவிடும். பறவை பறப்பதைப் படம் பிடிக்க வெயில் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்கைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. உதயத்தை ஒட்டிய தாழ்ந்த வெயிலிலும் ஒன்றிரண்டு ஸ்டாப் குறையும். அங்கே ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்து நிறத்துக்காக அதைத் தயங்காமல் செய்யலாம்.

• கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள். இதனால் கரும்பச்சை மரங்களின் முன்னே பறக்கும் வெண்கொக்கு வெளிறிப் போகும். வெளிறிய வானத்தின் முன்னே பறக்கும் கள்ளப்பருந்து கரியாகும். முதல் நிலையில் எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். பொருத்துக வினாவுக்கு ஏற்ற இணை இது.

• இதைவிட நல்ல வழி, மேனுவல் முறை. பறவை வானம், மரம், தண்ணீர் என்று பின்னணி மாறி மாறிப் பறக்கிறது. அதன்மேல் விழும் வெயில் மாறவில்லை. பின்னணியைப் பார்த்து ஒளிமானி தடுமாற, பறவைக்கு ஏற்ற அளவை ஒருமுறை கணித்து நிறுத்திவிட்டால் அந்த வெயில் நீடிக்கும்வரை தொடவே வேண்டாம். வெண்ணிறப் பறவைக்கு இன்னும் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள்வது, இறகின் நுண்கோடுகள் வெளுத்துப் போகாமல் காக்கும்.

• 8 பிட் ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. இரண்டின் 14ஆம் அடுக்கு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஷட்டர் வேகம்: ஒரு கணக்கு

விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், ஒரு கூழைக்கடா 20 மீட்டர் தள்ளி உங்களுக்குக் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/2000 விநாடி. அந்த நேரத்தில் பறவை 7.5 மி.மீ. நகர்ந்திருக்கும். 500 மி.மீ. லென்ஸில், 20 மீட்டர் தொலைவில், உருவம் 40இல் ஒரு பங்காகச் சென்சாரில் விழும். ஆகவே சென்சாரில் நகர்வு 0.1875 மி.மீ. ஒரு பிக்சல் 5 மைக்ரோமீட்டர் என்றால் 37 பிக்சல் அகலத்துக்குப் படம் கலங்கும். 1/4000 வைத்தாலும் 18 பிக்சல்.

அப்படியானால் ஷட்டர் வேகத்தால் மட்டும் பறவையை நிறுத்த முடியாது. கேமராவைப் பறவையோடு சேர்த்து அதே கோண வேகத்தில் திருப்ப வேண்டும். இதற்குப் பேனிங் என்று பெயர். கோண வேகம் என்பது நேர்கோட்டு வேகத்தைத் தொலைவால் வகுத்தது: 15/20 = 0.75 ரேடியன், அதாவது விநாடிக்கு 43 பாகை. அதே பறவை 60 மீட்டர் தள்ளிப் போனால் 14 பாகைதான். தூரத்துப் பறவையைத் தொடர்வது எளிது என்ற அனுபவ உண்மைக்குப் பின்னால் இருப்பது பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் இந்த வகுத்தல்தான்.

• பேனிங் உடலின் ஓட்டத்தைச் சரிசெய்துவிடும், சிறகடிப்பைச் செய்யாது. ஷட்டர் வேகம் சிறகுக்காக. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை போன்ற பெரிய பறவைகளுக்கு 1/1600 பெரும்பாலும் போதும். ஆலா, பருந்துக்கு 1/2500. பஞ்சுருட்டான், தகைவிலான், மீன்கொத்திக்கு 1/3200 அல்லது 1/4000.

• சிறகு மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் ஒரு கணம் நின்று திரும்பும். நடுவில்தான் வேகம் உச்சம். ஊசலின் இயக்கத்தில் படித்ததே. ஆகவே ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்த வரிசைப் படங்களில் சிறகு முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே உள்ளவை கூர்மையாக இருக்கும்.

• புலத்தின் ஆழம்: முழுச்சட்டச் சென்சாரில் 500 மி.மீ., எஃப்/5.6, 20 மீட்டர் என்றால் கூர்மையாகத் தெரியும் பட்டையின் அகலம் சுமார் 54 செ.மீ.; எஃப்/8க்கு சுமார் 77 செ.மீ. மஞ்சள்மூக்கு நாரையின் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டர் அளவு. இரண்டு சிறகு நுனியும் கூர்மையாக வேண்டும் என்று ஆசைப்படாமல் கண்ணில் குவியத்தை வைப்பதே சரி.

• நேரம் ஏற ஏறத் தரை சூடாகி, மேலெழும் காற்றின் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறும். கானல் நீருக்கும் நட்சத்திரம் மின்னுவதற்கும் அடிப்படையான அதே ஒளிவிலகல். காலை 10 மணிக்குமேல் தொலைவிலுள்ள பூநாரைக் கூட்டத்தைக் கூர்மையாக எடுக்க எந்த விலையுயர்ந்த லென்ஸாலும் முடியாது.

கருவி வரலாறு: சுருக்கமாக

• சிசிடி உணரி: 1969, பெல் ஆய்வகம், வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித். இருவருக்கும் 2009இல் இயற்பியல் நோபல் பரிசு. அந்த ஆண்டுப் பரிசின் மறுபாதி ஒளியிழைக்காகச் சார்லஸ் காவுக்கு.
• கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியது 1975.
• மின்னணு ஷட்டர் வரிவரியாகப் படிப்பதால் வேகமான சிறகு வளைந்து தெரியும். எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரோடு வந்த முதல் முழுச்சட்டக் கேமரா 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 III.

பறத்தலைப் படமாக்கியவர்கள்

• ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839இல் அந்த நாளில் டாகுவேரின் புகைப்பட முறை பிரான்சில் உலகுக்கு வெளியிடப்பட்டது. அன்றைய தகடுகளுக்கு நிமிடக் கணக்கில் ஒளி வேண்டும். பறவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

• எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் பிடித்தார். பிரெஞ்சு உடலியலாளர் எட்டியென் ஜூல்ஸ் மாரே அந்தப் படங்களைக் கண்டு, பறவைக்கும் இதுபோல் வேண்டும் என்று விரும்பினார். ஆனால் பறவை கேமரா வரிசையின் முன்னே ஓடாது. ஆகவே 1882இல் அவர் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமரா செய்தார்: தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் விநாடிக்கு 12 படங்கள், ஒவ்வொன்றும் 1/720 விநாடி. இன்றைய கேமராக்களில் பல விநாடிக்கு 10 அல்லது 12 படங்கள் எடுப்பவைதாம். 1882இலேயே அந்த எண்ணைத் தொட்ட மனிதரை எத்தனை போற்றினாலும் தகும். உயிரைக் கொல்ல உருவான வடிவத்தை எடுத்து, ஓர் இறகும் உதிராமல் பறத்தலின் இரகசியத்தைப் பிடித்தார் அவர். பறவைகளின் பறத்தல் பற்றிய அவரது நூல் 1890இல் வந்தது.

• தேர்வுக்கு ஒரு நினைவுக்குறி: மைப்ரிட்ஜ், மாரே இருவரும் பிறந்தது 1830, மறைந்தது 1904.

• வெள்ளி சூரியனைக் கடப்பதை 1874இல் ஜப்பானிலிருந்து பதிவுசெய்த வானியலாளர் ழான்சென்னின் சுழல் கேமரா, மாரேயின் கருவிக்கு முன்னோடி.

• ஜெர்மனியின் ஓட்டோமார் அன்ஷூட்ஸ் 1884இல் வெண்ணாரைகளைக் கூட்டிலும் பறக்கும் நிலையிலும் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. நாரையின் பறத்தலை ஆராய்ந்து 1889இல் நூல் எழுதிய ஓட்டோ லிலியென்தால், பின்னர் தாமே சறுக்கு விமானத்தில் பறந்தபோது அவரைப் படம் பிடித்தவரும் அன்ஷூட்ஸ்தான். லிலியென்தால் விபத்தில் இறந்தது 1896; ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17. அந்த வெண்ணாரைக்குத் தமிழில் செங்கால் நாரை என்றும் பெயர். சத்திமுத்தப் புலவர் தம் மனைவியிடம் தூது அனுப்பிய பறவை.

• இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள்: முட்டையுள்ள பறவைக் கூட்டின் படம் 1892, முழுக்கப் புகைப்படங்களால் அமைந்த பறவைக் கூடுகள் நூல் 1895.

• மா. கிருஷ்ணன் (1912–1996): எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். திருநெல்வேலியில் பிறந்தவர். கருப்பு வெள்ளைப் படங்கள், தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி, 1970இல் பத்மஸ்ரீ. தமிழிலும் எழுதினார். காட்டுயிரைப் பற்றித் தமிழில் எழுத விரும்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியவர். ஒருவரி விடைக்காக மட்டும் அவரைத் தெரிந்துவைத்திருப்பது போதாது.

• சலீம் அலி பிறந்த நாள் 1896 நவம்பர் 12. அவர் பெயரிலான பறவையியல் மையம் கோவை ஆனைகட்டியில் உள்ளது. அவருடன் பயணம் செய்து பறவைகளைப் படம் பிடித்தவர், சிங்கப்பூரின் கேத்தே திரையரங்க நிறுவனத்தைத் தோற்றுவித்த லோக் வான் தோ. 1964இல் தைவான் விமான விபத்தில் மறைந்தார்.

இறகின் நிறமும் வெயிலின் பக்கமும்

• பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பு. பறந்ததும் சிறகு முழுக்க நீலம். அந்த இறகில் நீல நிறமி கிடையாது. கெரட்டினும் காற்றுமாக அமைந்த நுண்கட்டமைப்பு நீலத்தைத் திருப்பி அனுப்ப, அடியிலுள்ள மெலனின் மற்றவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. இது அமைப்பு நிறம். சர் சி.வி. ராமன் பறவை இறகுகளின் நிறத்தோற்றம் பற்றி 1934இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்கொண்டது இந்தப் பனங்காடையின் இறகுகளைத்தான். கடலின் நீலத்துக்குக் காரணம் தேடியவர் வயல்வெளிப் பறவையின் நீலத்துக்கும் காரணம் தேடியிருக்கிறார்.

• ஒளி முன்னிருந்து விழுந்தால்தான் இந்த நீலம் வரும். பின்னிருந்து ஊடுருவி வந்தால் அதே இறகு பழுப்பாகத் தெரியும். ஆகவே பனங்காடைக்கும் மீன்கொத்திக்கும் வெயில் நம் முதுகில் இருந்தே தீர வேண்டும். வெண்கொக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எதிர்வெயிலில் அதன் சிறகு ஒளி புகுந்து மிளிரும்.

• பனங்காடை ஒடிசா, தெலங்கானா, கர்நாடக மாநிலங்களின் பறவை. தமிழகத்துக்கு மரகதப்புறா.

• பூநாரையின் இளஞ்சிவப்பு அமைப்பு நிறமல்ல; உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமி. குஞ்சுகள் சாம்பல் நிறம். சிறகு விரிந்தால்தான் செவ்வண்ணமும் கருப்புப் பறத்தல் இறகுகளும் தெரியும். மெலனின் இறகுத் தேய்மானத்தைத் தாங்கும் என்பதால் பல பறவைகளுக்குச் சிறகு நுனி கருப்பு.

• பறக்கும்போது இனம் காண: கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை ஆகியவை கழுத்தை மடக்கிப் பறக்கும். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பூநாரை கழுத்தை நீட்டிப் பறக்கும். கூழைக்கடா மடக்கும்.

இடங்கள்

• வேடந்தாங்கல், செங்கல்பட்டு மாவட்டம். ஊர் மக்கள் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடத் தடைவிதித்தது 1798. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். கூடு கட்டும் பருவத்தில் பறவைகள் சுள்ளியும் இரையும் கொண்டு ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும். வழி தெரிந்துவிட்டால் வெயில் முதுகில் விழுமாறு நிற்க வேண்டியதுதான். துரத்த வேண்டிய தேவையே இல்லை.

• ராம்சார் ஒப்பந்தம்: 1971 பிப்ரவரி 2, ஈரான், நடைமுறை 1975, இந்தியா இணைந்தது 1982. உலக ஈரநில நாள் பிப்ரவரி 2. தமிழகத்தின் முதல் ராம்சார் தளம் கோடியக்கரை, 2002. வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம் உள்ளிட்டவை 2022. கரைவெட்டி, லாங்வுட் சோலை, நஞ்சராயன், கழுவெளி 2024. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025. இத்துடன் தமிழகத்தில் 20.

• கூந்தன்குளம், திருநெல்வேலி மாவட்டம்: இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளின் குளிர்கால இடம். இவை வருவது மத்திய ஆசிய வலசைப் பாதையில். 2025இல் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சட்டம்

• வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972. 2022 திருத்தத்தால் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகின. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

• பிரிவு 18 சரணாலயம். பிரிவு 35 தேசியப் பூங்கா. பிரிவு 27 சரணாலயத்துக்குள் நுழையக் கட்டுப்பாடு. பிரிவு 28இன்படி தலைமை வனவுயிர்க் காப்பாளர் அனுமதி தரக்கூடிய காரணங்களில் புகைப்படம் எடுத்தலும் ஒன்று.

• பிரிவு 2(16), வேட்டை என்பதன் வரையறை. சுடுவதும் பொறி வைப்பதும் மட்டும் இதில் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் இதற்குள் அடங்கும். நல்ல ஒளி விழட்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பவர், கேமராவைத்தான் பிடித்திருந்தாலும், வேட்டை என்ற வரையறையையே நெருங்குகிறார். கிளை விலகிய கூட்டில் வெயில் நேராக இறங்கினால் குஞ்சு சில மணி நேரம்கூடத் தாங்காது. காகத்துக்கும் பருந்துக்கும் கூடு தெரிந்துவிடும்.

• படத்துக்காகக் கல்லெறிந்தோ கைதட்டியோ கூட்டத்தைக் கிளப்புவதும் பெரும் தீங்கு. இரை தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் வலசைப் பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் வீண் செலவு. அப்படிக் கிளப்பிய கூட்டம் ஆளைவிட்டு விலகிப் பறக்கும் என்பதால் படத்தில் வருவதும் வால்களே. தானாகப் பறக்கப்போகும் பறவை அடையாளம் காட்டும்: எச்சமிடும், ஒரு பக்கச் சிறகையும் காலையும் நீட்டிச் சோம்பல் முறிக்கும், காற்றுக்கு எதிராகத் திரும்பி முன்னே சாயும். அதற்குள் ஷட்டர் வேகத்தைச் சரிபார்த்துவிடலாம்.